ஐஸ் பெட்டியில் இருந்த ஏரி மீன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் காசிமேட்டில் என் பெயரில் மூன்று மீன்பிடி லாஞ்சு நிற்கிறது. மூன்றும் நானே சம்பாதித்தது, அப்பன் விட்டுப்போனது என்று ஒரு முழம் கயிறு கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படித்துவிட்டு, யாரோ ஏமாந்த ஆள் போலிருக்கிறது என்று ஒருவரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன்னால், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் புத்தகம் போட்டார். முப்பது வருஷத்துக்கு முன் கடலில் ரகசியமாக நடந்த ஒரு வேலையைப் பற்றிய புத்தகம். எந்தக் கரைக்குப் போனார்கள், எதற்காகப் போனார்கள், எல்லாம் அதில் இருக்கிறதாம். டிவியிலும் வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அந்த வேலைக்குப் போன லாஞ்சை ஓட்டியவன் நான். வெளியே சொன்னால் ஜெயில் என்று என்னிடம் எழுதி வாங்கியவர் அவர். கையெழுத்துப் போட எனக்குத் தெரியும் என்று சொல்லிப் போட்டும் காட்டினேன். அப்படியும் நம்பாமல் கட்டைவிரல் ரேகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம் கூடத் திறக்கவில்லை. அதனால் நான் பட்ட பாடு அவர் புத்தகத்தில் இல்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

லாஞ்சு ஓட்டுகிறவனை எங்கள் பக்கம் டிரைவர் என்போம். அந்த நாளில் என்னைப் போல ஒரு டிரைவர் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இல்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் பாறையா சேறா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள். நாலு பேரை மீனவன் மாதிரி வேஷம் போட்டு என்னோடு ஏற்றினார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேர் இடுப்பிலும் மடிப்புக் கலையாத புது லுங்கி. காலில் பூட்ஸ் போட்ட தடம் வெள்ளையாகத் தெரிகிறது. "இன்னா சார், கல்யாணத்துக்கா போறோம்? லுங்கில டீசலை ஊத்திக் கசக்குங்க. காலை வெயில்ல வையுங்க" என்று சொன்னது நான். மறுபேச்சுப் பேசாமல் செய்தார்கள்.

பதினோரு நாள். எங்கே போனோம் என்று சொல்லமாட்டேன். புத்தகம் போட்டவர் சொல்லட்டும், அவருக்கு ரகசியம் தாங்கவில்லை.

வேலை முடிந்ததும் லாஞ்சை வேறொரு துறைமுகத்தில் விட்டுவிட்டு என்னை வேனில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்போது நான் ஒன்று கேட்டேன். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய்வந்தால், ஏலத்தில் என்ன விற்றாலும் சரி, வீட்டுக்குக் குழம்பு மீன் தனியாக வந்துவிட வேண்டும். பதினோரு நாள் கடலில் இருந்தவன் வெறுங்கையோடு வந்தால் குப்பம் முழுக்க மோப்பம் பிடித்துவிடும். "சார், குழம்பு மீன் இல்லாம நான் வூட்டுக்குப் போனா உங்க ரகசியம் காலி" என்றேன். அதிகாரிக்கு உடனே புரிந்தது. அவரே கடைக்குப் போய், ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய மீனும் ஐஸும் போட்டு, டேப் ஒட்டி எடுத்துவந்தார்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காததுதான் என் ஆயுசில் நான் செய்த ஒரே தப்பு. அசதி. வேனில் ஏறியவன் திருவொற்றியூர் வரும்வரை தூங்கிவிட்டேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பெரிய வேட்டைக்காரன் மாதிரி தெருவில் நடந்து வந்து பெண்டாட்டி கையில் கொடுத்தேன்.

அவள் காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவள். டேப்பைக் கிழித்தாள். ஐஸைத் தள்ளினாள். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். பெரிய தலை, ரூபாய்க் காசு அகலத்துக்குச் செதில்.

"இன்னாய்யா இது?"

"மீனு."

"அது தெரியுது. கட்லா. ஏரி மீனு. எந்தக் கடல்ல ஏரி கீது?"

அதிகாரி எந்த ஊர்க்காரரோ. கடலைக் காவல் காக்கத் தெரிந்தவருக்குக் கடல் மீனை வாங்கத் தெரியவில்லை.

எஞ்சின் கெட்டுப்போச்சு, வழியில் வாங்கினேன் என்று உளறினேன். அவள் ஒரே முடிவாக முடிவு செய்துவிட்டாள். நான் கடலுக்கே போகவில்லை. செங்குன்றம் ஏரிக்கரையில் எவளையோ வைத்திருக்கிறேன். பதினோரு நாளும் அங்கேதான் இருந்தேன். மீனை அப்படியே பூனைகளுக்கு வீசினாள். மறுநாள் எனக்குக் குப்பத்தில் புதுப்பெயர் வந்தது: கட்லா. ஏலக்காரன் கூட, "இன்னா மாமு, செங்குன்றத்துல இன்னிக்கு அலை எப்படி?" என்று கேட்டான். ஒரு லாஞ்சு மூன்றானது. பெயர் மாறவில்லை. அவள் மனசும் மாறவில்லை. சோறு போட்டாள், பிள்ளை பெற்றாள், ஜுரம் வந்தால் கூடவே உட்கார்ந்திருந்தாள். ஆனால் நான் வெளியூர் என்று செருப்பை மாட்டினால் போதும், "ஏரில தண்ணி நெறையக் கீதா பாத்துட்டு வா" என்பாள்.

அதனால்தான், அதிகாரி டிவியில் எல்லாவற்றையும் கொட்டிய அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவரே சொன்ன பிறகு எனக்கென்ன? பெண்டாட்டியைக் கூப்பிட்டு, அந்தப் பதினோரு நாளும் இதுதான் என்றேன். அவள் என் மகளை விட்டு, புத்தகத்தைப் பற்றிப் பேப்பரில் வந்ததை வாசிக்கச் சொன்னாள். அதில் அதிகாரி சொன்னதாக என்ன போட்டிருந்தது தெரியுமா? 'மீனவர் வேடத்தில் இருந்த எங்கள் வீரரே படகைச் செலுத்தினார்.'

"பாத்தியா? வேசம் போட்டவன் ஓட்னானாம். அதுல நீ எங்க கீற?" என்றாள். "டிவியைப் பாத்துட்டு நல்லாத்தான் கதை கட்ற."

முப்பது வருஷம் வாயை மூடியிருந்ததற்கு இதுவா மரியாதை?

நகரத்தில் ஓர் ஏசி அரங்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் புத்தகத்துக்குக் கூட்டம். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன்.

"சார், அந்த லாஞ்சை ஓட்னது யாரு?"

"எங்கள் வீரர். புத்தகத்தில் இருக்கிறது."

"உங்க வீரருங்க லுங்கில டீசல் ஊத்தச் சொன்னது யாரு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை உற்றுப் பார்த்தார். தெரிந்துகொண்டார், அது எனக்கும் தெரிந்தது. "தனி நபர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

பெண்டாட்டி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "ஆளு பேரு வாணாம் சார். ஓட்டிக்கினு வந்த ஆளுக்கு ஒரு பொட்டில மீன் போட்டுக் குட்த்தீங்களா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க. இன்னா மீனு?"

இந்த ஒரு பதிலில் என் மானம் இருக்கிறது. அதிகாரி தலையைக் குனிந்து யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"கட்லா அம்மா. எங்கள் ஊரில் அதைவிட நல்ல மீன் கிடையாது."

"கடலுக்குப் போன ஆளுக்கு ஏரி மீனா? அறிவு கீதா சார் உங்களுக்கு?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மைக்கை என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ரயிலில் கொருக்குப்பேட்டை தாண்டிய பிறகுதான் பேசினாள். "அப்போ செங்குன்றத்துல யாரும் இல்லியா?"

"இல்லேன்னுதான இத்தினி வருசமா சொல்லிகினு கீறேன்."

"வேற எங்கனா?"

மூன்றாம் நாள் காலை இரண்டு பேர் சட்டை இன் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பையிலிருந்து அந்தப் பழைய தாளின் நகலை எடுத்தார்கள். என் கையெழுத்து, பக்கத்தில் என் விரல் ரேகை. "இது உங்களுடையதுதானே? பொது இடத்தில் பேசியிருக்கிறீர்களே" என்றார் ஒருவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கையில் அரிவாள்மனை.

"இவரு கேள்விதானயா கேட்டாரு? பதில் சொன்னது உங்க ஆபீசரு. அவரு வூட்டுக்குப் போய் இந்தத் தாளை நீட்டுங்க. மீனைப் பத்திக் கேட்டது நானு. நான் எந்தத் தாள்லயும் கைநாட்டு வெக்கல. புட்ச்சிகினு போறதுன்னா என்னைப் புட்ச்சிகினு போங்க."

அவர்கள் தாளை மடித்தார்கள். அது சும்மா ஒரு நினைவூட்டல்தான் என்றார்கள்.

இப்போது இதை எழுதியதற்கும் வருவார்கள். வரட்டும். எந்தக் கரை, எதற்காக என்று இதில் ஒரு வரி இருந்தால் காட்டட்டும். நாட்டு ரகசியத்தை எழுதி விற்றவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் எழுதியது என் வீட்டு மீனைப் பற்றி. அதற்குத் தாள் நீட்டினால், கிழித்துப் பூனைக்குப் போடுவேன்.

அன்று அவர்கள் கிளம்பும்போது அவள் விடவில்லை. "உக்காருங்க, துன்னுட்டுப் போங்க. வஞ்சிர மீன் குழம்பு" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவரு லாஞ்சுல வந்தது" என்றாள்.