ஈர வரட்டி

செத்த அன்று காலையிலும் அம்மா சாணி தட்டினாள். பின்சுவர் முழுக்க வரட்டியை அப்பிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், "நெஞ்ச அடைக்கிற மாரி கீது, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாள். நான் சொம்போடு வருவதற்குள் சுவரோரம் சாய்ந்துவிட்டாள். அவ்வளவுதான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஐம்பதுகளில், பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்களைப் போன்றவர்கள் இறந்தால் செலவு மட்டும்தான். வயலில் இன்னும் கதிர் விடவில்லை, கையில் ஏது டப்பு? செத்தவளுக்கு வாயில்லை என்பதால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எரிப்பதுதான் எங்கள் வழக்கம் என்று தெரிந்தும், ஒரு பெரிய மனுஷர் புதைத்துவிடலாமே என்றார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பொன்னேரி விறகுத் தொட்டியில் விலை கேட்டுவிட்டு வந்து, நேராகக் கொட்டகைக்குள் போய் எருமையை அவிழ்த்தார். அது அம்மா பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தது. அதன் பாலில்தான் எங்கள் வீடு ஓடியது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"இத்த வித்துட்டு அப்பால இன்னாத்த துன்றது நைனா? நாளைக்கு அம்மாவுக்குப் பால் தெளிக்கக்கூட ஊரான் ஊட்லதான் வாங்கணும்."

"சவுக்குக் கட்டை அடுக்கிக் கொளுத்தணும்மா அவள. உசுரோட இருந்தப்போ நான் ஒண்ணுமே செய்யல."

நைனாவின் அக்கா, என் அத்தை, அழுதுகொண்டே வந்து கயிற்றைப் பிடித்தாள். "இன்னாடா பேசற நீ? மழைக்கு ஆவும்னு கொட்டாய் ரொம்ப வரட்டி சேத்து வெச்சிக்கீறா பாரு. அடியில நாலு கட்டை போட்டு அத்த அடுக்கு. ஊர்ல பாதி பேரு அதுலதான் போறாங்கோ."

நைனா கயிற்றை விட்டுவிட்டு அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வரட்டியை வண்டியில் ஏற்றியது நான். கதிர் அறுக்கையில் அரிவாள் பட்டு அம்மாவின் வலக்கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. ஒவ்வொரு வரட்டியிலும் அந்தக் குட்டை விரல் பதிந்திருந்தது. தினமும் அடுப்பில் வைத்தவள்தான், ஒரு நாளும் கவனித்ததில்லை. கவனித்த பிறகு ஏற்ற முடியவில்லை. ஏற்றாமலும் முடியாதே. பெண்கள் தெருக்கோடிக்கு மேல் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வைக்கோல் போர்த்தி மண் பூசிக் கொள்ளி வைத்துவிட்டு வந்த நைனா, "நல்லா பத்திக்கிச்சி" என்றார், ஏதோ அவளிடமே சொல்வதுபோல. மறுநாள் எங்கள் எருமைப் பாலைத்தான் தெளித்தார்கள்.

கொட்டகை காலி. அன்று காலை அப்பிய ஈர வரட்டி மட்டும் சுவரில் இருந்தது. கருமாதி முடிந்ததும் அத்தை அதைப் பெயர்க்கப் போனாள். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "அடுப்புக்கு இன்னாடி பண்ணுவ?" என்றாள். வயல் வரப்பில் முள் பொறுக்கிவந்து எரித்தேன். கையெல்லாம் கீறல். சுவரை யாரும் தொடவில்லை, தொட்டுவிடத்தான் முடியுமா?

ஒரு சாயங்காலம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்க ஆரம்பித்தார்.

"வாணாம் நைனா."

"மழை வருதும்மா. நனைஞ்சிச்சினா அவ திட்டுவா."

வரட்டியை எடுத்து உள்ளே வைக்கவில்லை என்று எத்தனை மழைக்கு அவரைத் திட்டியிருக்கிறாள்! நான் ஓடிப்போய்க் கூடையை எடுத்துவந்து பிடித்தேன்.

மழை விட்டதும் அந்தச் சுவரில் மறுபடியும் வரட்டி அப்பினேன். அதில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அவை என்னுடையவை.