மூன்றாம் மாடியில் ஏற்றிய எடை

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆய்வு உதவி மேசை அவளுடையது. என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல் வந்து விழிக்கும் பிள்ளைகளிடம் நாலு கேள்வி கேட்டு, அவர்கள் தேடுவது இன்னது என்று அவர்களுக்கே சொல்லிவிடுவாள். மாணவர்கள் வைத்த பெயர் 'தேடக்கா'. "ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்கறவளுக்கு, தலைமேல இருக்கற கண்ணாடி மட்டும் கிடைக்க மாட்டேங்குது" என்று வீட்டில் கணவன் கிண்டல் செய்வான்.

இரண்டு வருடங்களுக்கு முன், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்று மேலிடத்துக்கு மனு எழுதியவளும் அவள்தான். படிக்கட்டிலும் வராந்தாவிலும் மடியில் புத்தகத்தோடு சுருண்டு கிடப்பவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. மனு பலித்தது. இரண்டாம் மாடியிலிருந்த புத்தகங்கள் அத்தனையையும் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் வந்தன. இடைவெளியே விடாமல் நெருக்கி நிறுத்தலாம். காலியான இரண்டாம் மாடி, நூற்றைம்பது பேர் படிக்கும் கூடமானது. திறந்த அன்றே நிரம்பிவிட்டது. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டுமானப் பொறியியல் ஆய்வு மாணவி ஒருத்தி மேசைக்கு வந்தது தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு.

"அக்கா, பழைய கட்டடங்கள்ல எடை கூடினா என்ன ஆகும்னு ஆய்வு பண்றேன். கண்ணு முன்னாடி இருக்கற இந்த நூலகத்தையே எடுத்துக்கலாம்னு தோணுது. இதோட முதல் வரைபடம் கிடைக்குமா?"

கணினிப் பட்டியலில் இல்லை. மூன்று நாள் தேடி, பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்து பிரிக்காமலே கிடந்த ஒரு காகிதக் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாணவி தாளை மேசைமேல் விரித்து வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"மூணாவது மாடி எதுக்குன்னு போட்டிருக்கு, பாருங்கக்கா."

"வாசிப்பறைன்னு இருக்கு."

"ஆமா. மேசை, நாற்காலி, மனுஷங்க. அதைத் தாங்கத்தான் அந்தத் தளம் போட்டிருக்காங்க. இப்ப அங்க ஏத்தி வச்சிருக்கறது அதுக்கு மூணு மடங்குக்கு மேல."

"அப்படின்னா?"

"நான் எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன். மறுபடி போட்டுப் பாக்கறேன்."

மறுநாளும் அதே விடைதான் வந்தது. அதற்கு மறுநாளும்.

அந்த வாரம் மூன்றாம் மாடி ஊழியர் தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் சாதாரணமாகத்தான் சொன்னார்: "மேல அலமாரிங்களுக்கு என்னமோ பிடிச்சிருக்கும்மா. எங்க தள்ளி விட்டாலும் தானா நடுவுக்கே வந்து சேருது."

அவள் மேலே போனாள். ஓரத்து அலமாரியைச் சுவர்வரை தள்ளிவிட்டுக் கையை எடுத்தாள். ஒரு கணம் நின்றது. பிறகு, யாரும் தொடாமல், சத்தமே இல்லாமல் அறையின் நடுவை நோக்கி ஊர்ந்து வந்தது. தளமே நடுவில் தொய்ந்திருக்கிறது என்று புரிந்ததும் மாணவியை வரச் சொன்னாள்.

கீழே படிப்புக் கூடத்தின் உத்தரத்தில் தலைமுடி அளவு விரிசல் ஓடியது. மாணவி ஏணி போட்டு ஏறி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினாள். "விரிசல் அசைஞ்சா இது உடையும்க்கா. உடைஞ்சா யாரும் இங்க இருக்கக் கூடாது." அடியில் உட்கார்ந்திருந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினான்.

அவள் தலைமை நூலகரிடம் போனாள். அவர் கெட்டவரில்லை, அவசரப்படாதவர்.

"தேர்வுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. ஒரு மாணவி போட்ட கணக்க நம்பிக் கூடத்தப் பூட்டினா, பசங்க எங்க போவாங்க?"

"இன்ஜினியரக் கூப்பிட்டாவது காட்டலாமே சார்."

"கடிதம் போட்டிருக்கேன். வரட்டும். இடம் வேணும் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னதே நீங்கதானேம்மா?"

அந்த ஒரு வார்த்தையோடு அவள் திரும்பி வந்தாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவன் எதிரே உட்கார்ந்து, எந்தக் கிண்டலும் இல்லாமல் கேட்டான்: "உனக்கு என்ன தோணுது?"

"கணக்கு சரின்னு தோணுது."

"அப்புறம் யாரக் கேக்கறே?"

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் ஏழாவது முறையாக அண்ணாந்து பார்த்தபோது கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. விசிறிகள் சுற்றின. பக்கங்கள் புரண்டன. யாரோ இருமினார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய்த் தீ எச்சரிக்கை மணியை அழுத்தினாள்.

"தேடக்கா, நெருப்பு எங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். "பையெல்லாம் விடு, கெளம்பு!" என்று அவள் கத்திய குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. காதில் பாட்டோடு தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியைத் தோளைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு, கடைசி ஆளாக வெளியே வந்தாள்.

ஒரு மணி நேரம் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அனுமதியில்லாமல் மணி அடித்ததற்கு விளக்கம் கேட்டு மாலையே அவளுக்கு மெமோ வந்தது. ஆனால் மணி அடித்தால் சோதனை முடியாமல் கட்டடத்தைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதனால் பொறியாளர் மறுநாள் வந்தே ஆக வேண்டியிருந்தது. வரும்போது சலித்துக்கொண்டே வந்தார். டார்ச்சோடு ஏணியில் ஏறினார். இறங்கியவர், நீட்டிய தேநீரை வாங்கவில்லை.

"மேல யார் இருக்கா?"

"உங்களுக்குக் கதவு திறந்துவிடப் போன ரெண்டு ஊழியர்கள், சார்."

"ஓடக் கூடாது. மெதுவா இறங்கி வரச் சொல்லுங்க. நாமளும் வெளிய போயிடலாம்."

சனிக்கிழமை பிற்பகலில் மூன்றாம் மாடித் தளத்தின் நடுப்பகுதி அலமாரிகளோடு படிப்புக் கூடத்தில் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. பதினாறு மேசைகள் தட்டையாயின. அந்தச் சத்தத்தை இடி என்று நினைத்ததாகத் தெருக்கோடிக் கடைக்காரர் சொன்னார். தலைமை நூலகர் அவள் வீட்டுக்கே வந்து, வாசலிலேயே நின்று கைகூப்பிவிட்டுப் போனார். மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அதுவும் கோப்பில் ஏறிவிட்டது.

இப்போது நூலகம் தற்காலிகமாக உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கிறது. அவள் மேசையும் அங்கேதான். விசாரணைக் குழு அவளிடம் ஒரு வேலை கொடுத்தது: வளாகத்தின் மற்றப் பழைய கட்டடங்களின் வரைபடங்களையும் தேடித் தர வேண்டும். முதலில் கிடைத்தது பெண்கள் விடுதி. அதே வருடம், அதே ஒப்பந்தக்காரர், அதே உத்தர அளவு. பழைய வரைபடத்தில் மொட்டை மாடி வெறுமையாக இருந்தது.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். விடுதி மொட்டை மாடியில் போன கோடையில் வைத்த கருப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஆறு வரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.