மேட்டுக்கு ஒருவன், பள்ளத்துக்கு ஒருவன்

மோகனா கங்காணியானதும் அந்த மலேசியத் தேயிலைத் தோட்டத்தில் பாதிப்பேர் வாழ்த்தினார்கள், மீதிப்பேர் எத்தனை நாளைக்கு என்று பார்த்தார்கள். அவளுக்கு வாய்த்த கூட்டமும் லேசுப்பட்டதல்ல: நேப்பாளத்துக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். கொழுந்து வெட்டும் மெஷினை செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். பேச்சு ஒத்துப்போனால் வேலையும் ஒத்துப்போகும் என்று ஒரே நாட்டுக்காரர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தாள். தன் சாமர்த்தியத்தை மெச்சியும் கொண்டாள், பாவம்.

வெட்டிய கொழுந்தில் பாதி குச்சி. தொழிற்சாலை கொதித்தது. இந்த வாரமும் குச்சி வந்தால் கங்காணி வேலை, அதற்குக் காத்திருக்கும் கந்தசாமிக்குத்தான் என்று தோட்ட மேலாளர் சசிதரன் துரை சொல்லிவிட்டார். மோகனா ஆசைப்பட்டு வாங்கிய வேலை அது.

மறுநாள் குச்சிக்கு யார் காரணம் என்று வங்காளதேசத்து ரஃபீக்கும் நேப்பாளத்துத் தில்பகதூரும் மலையே அதிரச் சண்டை போட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவர் கையிலும் ஒரே மெஷினைத் திணித்தாள்.

"சண்ட போடணும்னா இத புடிச்சிக்கிட்டே போடுங்கலா."

நெட்டையன் ரஃபீக் பள்ளத்துப் பக்கம் நின்றான், குட்டையன் தில்பகதூர் மேட்டில். முறைத்துக்கொண்டே நடந்தார்கள். அவர்கள் போன நிரையைப் பார்த்த மோகனா அங்கேயே நின்றுவிட்டாள். அப்போதுதான் முடிவெட்டிய தலைபோல மட்டமாக இருந்தது. அவள் கூட்டத்தில் வங்காளதேசத்துக்காரர்கள் எல்லாம் நெட்டை, நேப்பாளத்துக்காரர்கள் குட்டை. சரிவில் ஒரே உயரக்காரர்கள் பிடித்தால் கத்தி சாய்ந்து குச்சியையும் சேர்த்து வெட்டாமல் என்ன செய்யும்? இத்தனை நாள் பாஷையைப் பொருத்திவிட்டு உயரத்தைக் கோட்டை விட்டிருந்தாள். தன்னையே நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றே எல்லா ஜோடியையும் கலைத்து, மேட்டுக்கு ஒரு குட்டை, பள்ளத்துக்கு ஒரு நெட்டை என்று சேர்த்தாள். யாரோடு பேசுவது என்று இரண்டு கட்சியும் முணுமுணுத்தன. அரைகுறை மலாயே போதும் என்றாள். "பெலான்" என்றால் மெதுவாக, கையைத் தூக்கினால் நில். மதியத்துக்குள் மெஷின்கள் சீராக ஓடின.

சனிக்கிழமை துரை கந்தசாமியையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். கந்தசாமி புதுத்தொப்பி போட்டிருந்தார். துரை சாக்கில் கைவிட்டு அள்ளினார், இன்னொரு சாக்கிலும் அள்ளினார். குச்சியைக் காணோம்.

"கங்காணி வேலைய நீங்களே பாருங்க, மோகனா," என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே இரண்டு நிரைக்கு நடுவே நின்றாள். பின்னால் மெஷின் நெருங்கி வந்தது.

"கங்காணி, தள்ளு!" என்று ரஃபீக்கும் தில்பகதூரும் அரைகுறைத் தமிழில் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் அதுவரை ஒருவரும் அவளைக் கங்காணி என்று கூப்பிட்டதில்லை. மோகனா சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டாள்.