குளியலறைத் தாழ்ப்பாள்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. தையல் தொழில் அப்படி. அளவுத் துணியைத் தாங்களே கொடுத்துவிட்டு, "இது என் அளவே இல்லை" என்று சாதிக்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். அதனால், பிரசவமாகி வந்த தங்கையைக் கவனித்துக்கொள்ள வெந்நீர் அக்கா வாசலில் வந்து நின்றபோது என் கண் முதலில் அவள் பைமேல்தான் போனது. வாங்கி வைக்கிற சாக்கில் உள்ளே பார்த்தேன். மாற்றுத்துணி, வயிற்றில் சுற்றிக் கட்டுகிற நீளத் துணி, எண்ணெய் பாட்டில். அடியில் ஒரு ஸ்குரூ டிரைவர். பிள்ளை பெற்றவளுக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு?

எங்களுக்கு அம்மா இல்லை. தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை, திரும்பிவர மாதக்கணக்காகும். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் தங்கையும் குழந்தையும் என்று நான் ஒருத்தி அல்லாடுவதைப் பார்த்து மருத்துவமனை ஆயாதான் இவளை அனுப்பினாள். பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பெயரே அப்படி ஆகிவிட்டதாம்.

வந்தவள் குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"குழந்தையப் பாக்கலையா?"

"அதைப் பாக்க ஆள் வரிசையா வரும். பெத்தவள யாரு பாக்கறது?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் ஒரு பிடி கூடுதல்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அவளைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் தேய்ப்பாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. நான் நுழைந்தால் நின்றுவிடும். பார்க்க வந்தவர்களை, "அவ தூங்கறா, அப்புறம் வாங்க" என்று வாசலோடு அனுப்பினாள். தங்கை தூங்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். சோப்பு வேறு சீக்கிரம் கரைந்தது. நான் காலையில் கத்தரிக்கோலும் கையுமாக எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்பேன். "இருக்கேன்க்கா" என்பாள் தங்கை. மெஷினுக்குத் திரும்பிவிடுவேன்.

ஒருநாள் குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாளைக் காணோம். ஸ்குரூ இருந்த ஓட்டைகள் மட்டும் என்னைப் பார்த்தன.

"துருப் பிடிச்சிருந்தது, கழட்டிட்டேன்" என்றாள் வெந்நீர் அக்கா.

"புதுசா போட்டது. யார்கிட்ட காது குத்தறீங்க?"

வெந்நீரை விளாவப் போய்விட்டாள். தாழ்ப்பாள் பித்தளை. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறுநாள் அவள் துணி உலர்த்தப் போன நேரத்தில் அவள் பையைக் குடைந்தேன். துணியில் சுற்றி வைத்திருந்தாள், திருடி! அவள் ஸ்குரூ டிரைவரையே எடுத்து, தாழ்ப்பாளைப் பழையபடி முடுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் மெஷினில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. தங்கை. கையில் ஸ்குரூ டிரைவர்.

"அக்கா, அத நீயே கழட்டிடு."

"எத?"

"தாழ்ப்பாள. அது இருந்தா எனக்கு என்மேலயே பயமா இருக்கு. உள்ள போய்ப் போட்டுக்கிட்டா வெளிய வரவே வேணாம்னு தோணுது. இருக்கவே வேணாம்னு தோணுது."

ஊரில் இருக்கிறவர்கள் சொன்னதையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, கூடப்பிறந்தவள் சொன்ன "இருக்கேன்" மட்டும் ஒருநாளும் சந்தேகமாகப் படவில்லை.

பின்னாலேயே வெந்நீர் அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். அவள்மேல்தான் பாய்ந்தேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எங்க அண்ணியும் இப்படித்தான், பிள்ளை பெத்துட்டுப் பேசாமலே இருந்தாங்க. ஒருநாள் குளிக்கப் போய்த் தாழ்ப்பாள் போட்டாங்க. நான் வெந்நீர்ப் பானையோட வெளிய நிக்கறேன். தண்ணி ஆறிப்போச்சு, கதவு திறக்கல. அன்னிலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை இதான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல!"

"சொன்னா இவள ஒரு மாதிரி பாப்பீங்க. அப்புறம் வாயே திறக்க மாட்டா. என்மேல சந்தேகப்பட்டா எனக்குப் பழகிப்போச்சு. இவ தாங்க மாட்டா. இவளா சொல்லட்டும்னு பக்கத்துலயே இருந்தேன். சொல்லிட்டா. என் எண்ணெயும் வெந்நீரும் இதுக்குப் பத்தாது. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஸ்குரூக்கள் தரையில் உருண்டன, எடுக்கவில்லை. பாதி தைத்த துணியை ஊசியோடு விட்டுவிட்டு முன்னறையைச் சாத்தினேன்.

ஆட்டோவில் தங்கையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். வெந்நீர் அக்காவின் மடியில் குழந்தை. தங்கையின் முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கியா?"

"இல்லக்கா" என்றாள்.

அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.