ஸ்டேடியத்தில் ஒரு தீர்ப்பு

தஞ்சாவூர் ஸ்டேடியத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அறுவடை முடிந்த வயலில்தான் பந்து விளையாடுவார்கள். அறுத்த தாள் காலைக் குத்தும். இங்கேயோ அத்தனை பெரிய இடத்தில் ஒரு நாற்று கிடையாது, மேய ஒரு ஆடு கிடையாது. விளையாட மட்டும் இவ்வளவு நிலமா! குடியிருக்கும் மனையைக் கேட்டு நாங்கள் கொடி பிடித்து நடையாய் நடந்த காலம் அது. வயிறு எரிந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அந்த மைதானம் ஒரு பழைய கால்பந்து கிளப்பின் சொந்த வீடு மாதிரி. வெள்ளைக்காரன் காலத்தில் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல்களும் சேர்ந்து தொடங்கியது. பழைய கேப்டன்களின் பெயர்ப்பலகையை நின்று வாசித்தேன். நான் ஐந்தாவது வரை படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன். எல்லாம் நிலம் வைத்திருந்த வீட்டுப் பெயர்கள். ஆட்சி மாறிய பிறகு கிராமத்து அணிகளும் வரலாம் என்று போட்டியைத் திறந்துவிட்டார்கள். அப்படித்தான் எங்கள் தெருக்காரர்கள் பதினோரு பேர் அந்தக் கிளப்பை எதிர்த்து இறங்கினார்கள்.

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தடுப்பவர். கிளப்பின் முன்வரிசையில் எங்கள் மிராசுதாரின் இளைய மகன். அவர்கள் மனையில்தான் எங்கள் குடிசை இருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சின்னவர் பந்தோடு நேரே வந்தார். என் வீட்டுக்காரர் ஒதுங்கித் தலை குனிந்து நின்றார். கோல்! வரப்பில் பண்ணை வீட்டு ஆள் எதிரே வந்தால் சேற்றில் இறங்கி வழிவிடுவது எங்கள் வழக்கம். கால் தானாக அதைச் செய்துவிட்டது.

"வழி விடுறான்டோய்!" என்று கேலரியே சிரித்தது.

இடைவேளையில் கம்பி ஓரம் போய் நின்றேன்.

"ஏங்க, என்ன பண்ணீங்க?"

"காலு தானா போயிருச்சு புள்ள."

"எறங்கி நிக்க இங்க சேறு இல்லீங்க, புல்லுதான் இருக்கு. அசையாம நில்லுங்க."

"சின்னவரு விழுந்து கிழுந்து வச்சாருன்னா? நாளைக்கே மனைய காலி பண்ணுன்னுவாங்க."

எனக்கும் அதே பயம்தான். ஆனாலும், "பாத்துக்கலாம் போங்க" என்றேன், என்னமோ என் அப்பன் வீட்டு மனை மாதிரி.

மறுபடி சின்னவர் வந்தார். இவர் நகரவில்லை. பந்தை மட்டும் காலால் தட்டிவிட்டார். பந்து கோட்டைத் தாண்டிப் போனது. சின்னவர் இவர்மேல் மோதி உருண்டார். கேலரியே எழுந்து நின்றது. எழுந்த சின்னவர் நடுவரிடம் கத்தினார். கிளப்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களும் எழுந்துவிட்டார்கள். எங்கள் சட்டிப்பானை தெருவில் கிடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

நடுவர் ஒல்லியான மனிதர், யார் பெற்ற பிள்ளையோ. விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அவரு பந்தத்தான் தட்டுனாரு. தப்பு இல்ல. ஆடுங்க."

கூலிக்கு, மனைக்கு, மாடு மேய்ந்ததற்கு என்று அந்த வீட்டோடு எங்களுக்கு எத்தனையோ பஞ்சாயத்து நடந்திருக்கிறது. ஒன்றில்கூட எங்கள் பக்கம் தீர்ப்பு வந்ததில்லை. 'அவன்' என்றில்லாமல் 'அவரு' என்று என் வீட்டுக்காரரை யாரும் சொன்னதும் இல்லை. அதற்குப் பிறகு ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.