எதிர்ப்பக்க விளிம்பு

அம்மாவின் சுருக்குப்பையை மாலையில் கவிழ்த்தால், சில்லறையோடு மீன் கவிச்சியும் தரையில் கொட்டும். நான் ஆறாவது படித்த ஆண்டின் ஐப்பசியும் கார்த்திகையும் எனக்கு அந்த வாசனைதான். பட்டினச்சேரியிலிருந்து கடலுக்குப் போன அப்பாவின் படகு, எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போய்விட்டது. அப்பா அக்கரைச் சிறையில் இருந்தார். அபராதம் கட்டினால் வெளியே வரலாம் என்று வக்கீல் சொல்லியனுப்பிய தொகை, அம்மா மீன் கூடை சுமந்து சேர்க்கக்கூடியதாக இல்லை.

அப்போதுதான் டீக்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது: அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசுக்கு லட்சம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். அன்றிலிருந்து தினமும் சில்லறையைக் கழுவித் தேடினேன். உப்பு அரித்த குழி, ஐஸ் பெட்டியில் உரசிய கீறல், கறுத்துப்போன சிங்கமுகம் எல்லாமே எனக்குப் பிழையாகத்தான் தெரிந்தன. "லட்சாதிபதி, கழுவி முடிச்சாச்சுன்னா சோறு திங்க வாங்க" என்பாள் அம்மா.

கார்த்திகை முடியும் வாரத்தில் அது கிடைத்தது: ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டுண்ட ஒரு ரூபாய். யாரையும் தொடவிடாமல் காகிதத்தில் மடித்து வைத்தேன். மறுநாள் வக்கீலிடமிருந்து மறுபடி ஆள் வந்துபோனபின், கேலி செய்துகொண்டிருந்த அம்மாவே நல்ல புடவை கட்டிக்கொண்டு, "எடுத்துக்க, போவலாம்" என்றாள்.

காரைக்காலில் பழங்காசு சேர்க்கும் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள சொல்லாலேயே, ஊரில் அவரை "சொல்தா" என்பார்கள். லென்ஸை எடுத்தவர், வெட்டுண்ட இடத்தைவிட அதற்கு நேர் எதிரே இருந்த விளிம்பைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"அடிக்கும்போதே கொறைஞ்ச காசுன்னா, எதிர்ப்பக்க விளிம்பும் மங்கிப்போயிருக்கும். இதுல முழுசா எழும்பி நிக்குது. யாரோ கல்லுல தேச்சிருக்காங்கம்மா."

"இன்னொரு தடவ பாருங்கய்யா" என்றாள் அம்மா. பார்த்தார். வெட்டில் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவதைக் காட்டி, லென்ஸை அவள் கையிலேயே கொடுத்தார். அம்மா காசை வெளிச்சத்தில் திருப்பினாள். அவள் முகம் மாறியது. "இது அவரு தேச்சது" என்றாள்.

எஞ்சின் மூடியின் திருகைக் கழற்ற வட்டக் காசு வழுக்குகிறதென்று, அப்பா அதை ஒரு பக்கம் தட்டையாக்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். கடலுக்குப் போன அன்று விடியலில் அந்தப் பையிலிருந்து சில்லறையை அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தையில் செலவழித்தவள் அம்மா; கைமாறிக் கைமாறி அந்தக் காசு அவள் பைக்கே திரும்பியிருந்தது. திரும்பும் பேருந்து திருமலைராயன்பட்டினத்தை நெருங்கியது. அப்போது அம்மா, எனக்கில்லை, ஜன்னலுக்குச் சொன்னாள்: "மூடியத் தொறக்க முடியாமத்தான் மெதந்து போயிருக்காரு."

மாசியில் அப்பாவை விட்டார்கள், படகை விடவில்லை. "ஸ்க்ரூட்ரைவர் படகுலதான் கெடந்துச்சு, பைத்தியம்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அம்மா நம்பவில்லை. மற்றவர் படகில் கூலிக்குப் போன அவர் சட்டைப்பையில் அதன்பின் அவள் கை வைக்கவே இல்லை.

நாணயங்களைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்துவிட்டேன். சொல்தா சொன்னது சரிதான். இன்று அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. காசு என் மேசையில் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் ஒரே திருகு, அந்தப் படகோடு அக்கரை மணலில் துருப்பிடித்துக் கிடக்கிறது.