சூப்பர்வைசர் சொன்ன பதில்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நாங்களே சேர்ந்து ஞாயிறுதோறும் நாரணாபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இலவச கிளினிக் நடத்திக்கொண்டிருந்தோம். வாரம் முழுக்க வார்டில் நின்ற கால். சேவை மனப்பான்மையெல்லாம் காலை பத்து மணிக்கே காலியாகிவிடும், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தீபாவளி சீசனில் ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் பீகார் பெண்கள் ஏழெட்டுப் பேரை இறக்கிவிட்டது. கூடவே அவர்களுடைய சூப்பர்வைசர். அங்கே இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நல்ல மனுஷன். அவர் பேசினால் வரிசை மளமளவென்று நகரும் என்று எனக்கு நிம்மதி.

அதில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். வாந்தி, தலைசுற்றல்.

"மாசமா இருக்காகளான்னு கேளுங்கண்ணே," என்றேன்.

கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, இல்லையென்று தலையாட்டினாள்.

"அதெல்லாம் இல்லையாம் டாக்டரம்மா. வெறும் வயித்தோட வேலைக்கு வருதுக. சட்டுன்னு பாத்து அனுப்புங்க, வேன் நிக்குது."

மாசமாயிருப்பது தெரிந்தால் பட்டாசு மருந்து அடைக்கும் வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். கர்ப்பம் பரிசோதிக்கும் அட்டை பெட்டியில் கிடந்தது. எழுந்துபோய் எடுக்கச் சோம்பல். வாந்திக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் தனியாக நடந்து வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து அவள் வாயருகே நீட்டினேன். அவள் மெல்லப் பேச, போன் பாடப்புத்தகத் தமிழில் சொன்னது.

"மூன்று மாதம். புதன்கிழமை இரத்தமாகப் போய்விட்டது. அன்று சூப்பர்வைசர் முன்னால் நான் எப்படிச் சொல்வேன்?"

அந்தப் போன் அன்றைக்கும் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. சே, என்ன படித்து என்ன.

மன்னித்துவிடுங்கள் என்றேன். பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன், இப்போதே போவோம் என்றேன். போன் எல்லாவற்றையும் இந்தியில் சொல்லி முடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனை நோக்கிக் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதை அவரிடம் சொல்லிவிடுவீர்களா?"